பர்மா போய்வந்த எல்.எம்.பி. டாக்டர்: சண்டை எதைச் சொல்லிக்கொடுத்தது, எதை விட்டது?

ஜூன் 3, காலை 7.15. கேள்வி

இரண்டாம் உலகப்போருக்குப் போய்த் திரும்பி, சின்ன ஊரில் கிளினிக் போட்ட டாக்டர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "மிலிட்டரி டாக்டர், எதையும் அறுத்துத் தைத்துவிடுவார்." சண்டையில் செய்த அறுவைச் சிகிச்சைதான் இவர்களை நல்ல ஊர் டாக்டராக்கியது என்பது என் எண்ணம். சரியா? அன்றாடம் என்னதான் செய்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஜூன் 3, இரவு 9.50

பாதிதான் சரி. காயத்தைப் பொறுத்தவரை சண்டை சொல்லிக்கொடுத்த பெரிய பாடம், தைக்காமல் விடுவது. மற்ற பாடங்களில் பலவற்றுக்கும் கத்திக்கும் சம்பந்தமே இல்லை. கொசு, தண்ணீர், ஊசியைக் கொதிக்கவைப்பது, வரிசையில் யாரை முதலில் பார்ப்பது, இவைதான்.

ஆட்கள் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைய ஊர் டாக்டர்களில் பெரும்பாலோர் எம்.பி.பி.எஸ். இல்லை. மருத்துவப் பள்ளியில் 4 வருஷம் படித்த எல்.எம்.பி.க்கள். 1938-இல் ஸ்டான்லி கல்லூரியாக மாறிய ராயபுரம் பள்ளி அப்படிப்பட்டவர்களை உருவாக்கிய இடம். 1946-இல் வந்த ஜோசப் போரே குழு அறிக்கையில் பதிவான டாக்டர்கள் 47,524 பேர். அதில் 29,870 பேர் இந்த வகை. அதே அறிக்கைதான் இந்தப் படிப்பை நிறுத்தவும் சொன்னது. ராணுவத்தில் மூன்றாகப் பிரிந்து கிடந்த மருத்துவப் பிரிவுகளை 1943 ஏப்ரல் 3 அன்று ஒன்றாக்கி இந்திய ராணுவ மருத்துவப் படையை அமைத்தார்கள்.

பர்மா முனையில் இவர்கள் பார்த்தது என்ன? பிரிட்டிஷ் 14-ஆவது படையின் தளபதி ஸ்லிம் கொடுத்த கணக்கு: 1943-இல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்டவர் ஒருவர் என்றால், நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா மட்டும் ஆண்டுக்கு மொத்தப் படைபலத்தில் 84 சதவீதம். குண்டடியைவிடக் காய்ச்சலும் சீதபேதியும் பார்த்துத் திரும்பியவர்கள் இவர்கள். "அறுத்துத் தைப்பார்" என்ற பிம்பம் இந்தக் கணக்கிலேயே பாதி கரைந்துவிடுகிறது.

ஜூன் 4, காலை 6.30

"தைக்காமல் விடுவதா? அது வைத்தியமா?" என்று கேட்டவருக்கு. அதுதான் வைத்தியம். ஊரில் இதை நம்பவைப்பதுதான் அந்த டாக்டருக்கு இருந்த பெரிய வேலையாகவே இருந்திருக்கும்.

முறை இது. காயத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரால் கழுவி, உள்ளே கொதிக்கவைத்து ஆறிய உப்புநீரைத் தாராளமாக விட்டு மண், துணி, சாணம் எல்லாம் வெளியேற்ற வேண்டும். தோல் விளிம்பில் ஒரு நூலளவு மட்டும் சீவலாம், தோலை வீணாக்கக்கூடாது. காயத்தைக் கை காலின் நீளவாக்கில் பெரிதாக்கித் தசையின் உறையைத் திறக்க வேண்டும். உள்ளே வீங்கும் தசைக்கு இடம் இல்லாவிட்டால் அது தானே நெரிந்து செத்துவிடும். பிறகு செத்த தசையை வெட்டி எடுப்பது. இடுக்கியால் கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா, நிறம் சிவப்பா அல்லது கறுத்து மங்கியிருக்கிறதா, தொட்டால் கெட்டியா கூழா என்று பார்க்க வேண்டும். சுருங்காத, கசியாத தசை அங்கே இருக்கக்கூடாது. தசையோடு ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டைப் பிடுங்கக்கூடாது. நரம்பையும் தசைநாணையும் தொடவே கூடாது.

அதன்பின் வாசலின் தடவிய காஸைத் தளர்வாக வைப்பது. இங்கேதான் பலர் கெடுத்தார்கள். இறுக்கித் திணித்தால் அது தக்கை மாதிரி அடைத்துச் சீழை உள்ளேயே நிறுத்திவிடும். மேலே கட்டு, கை கால் அசையாமல் மாவுக்கட்டு அல்லது பத்தை. காய்ச்சல், நாற்றம், கூடும் வலி இவை இல்லாவிட்டால் 4 நாள் திறந்து பார்க்கவே கூடாது. 4 முதல் 6-ஆம் நாளுக்குள் திறந்து, உள்ளே சுத்தமான சிவப்பாக இருந்தால் இழுப்பு இல்லாமல் சேர்த்துத் தையல் போடலாம். சேராது என்றால் தொடைத் தோலை ஒட்டலாம்.

விதிவிலக்கு உண்டு. முகமும் தலைத்தோலும் ரத்த ஓட்டம் நிறைந்தவை, அன்றே தைக்கலாம். மூச்சை உறிஞ்சும் நெஞ்சுக் காயத்தைக் காற்று புகாமல் உடனே மூட வேண்டும். மூட்டின் உறையையும் மூட வேண்டும்.

ஊரில் இதற்கு நேரடியான வேலை மாடு முட்டிய காயம். வெளியே ஓர் அங்குல ஓட்டை, உள்ளே ஒரு சாண் கிழிசல், கொம்பின் மண்ணும் வேட்டித் துணியும் அடியில். மேலே மூன்று தையல் போட்டு அனுப்பினால் உறவினருக்குத் திருப்தி. மூன்றாம் நாள் கால் பெருத்து, பழுப்புத் தண்ணீர் வடிந்து, விரலால் அழுத்தினால் நறநறவென்று காற்று நகரும். காய்ச்சல் கொஞ்சமாகவும் நாடி மிக வேகமாகவும் இருக்கும். அந்தப் பொருத்தமின்மைதான் வாயு அழுகலின் முதல் எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் காலை எடுத்தால்தான் உயிர் மிஞ்சும், பல சமயம் அதுவும் இல்லை. தையல் போடாத டாக்டரைச் சந்தேகத்தோடு பார்த்த குடும்பத்தின் முன் நின்று "ஐந்தாம் நாள் போடுகிறேன், அதுவரை யாரிடமும் காட்டித் தைக்காதீர்கள்" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தைத்தான் சண்டை கொடுத்தது.

ஜூன் 4, காலை 6.50

விட்டுப்போனது: கிணறு வெட்டு. பாறையில் குழி போட்டுத் தோட்டா வைத்துத் திரி கொளுத்தி, வெடிக்கவில்லையே என்று பார்க்கப் போகும் ஆள். கல் சில்லு, மண், மருந்துப் புகை எல்லாம் முகத்திலும் கையிலும் அடிக்கும். கண்ணிவெடிக் காயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கண்ணில் களிம்பு எதுவும் போடாமல், அழுத்தாமல், இரண்டு கண்ணையும் மூடி அனுப்ப வேண்டும்; ஒன்றை மட்டும் மூடினால் மற்றது அசையும்போது அடிபட்டதும் சேர்ந்து அசையும். கையில் எது போனாலும் கட்டைவிரலில் ஒரு கணு மிஞ்சினால்கூடக் காப்பாற்ற வேண்டும். எதிரே வைத்துப் பிடிக்க ஏதாவது ஒன்று இருந்தால்தான் அவர் மண்வெட்டி பிடிக்க முடியும்.

ஜூன் 4, மதியம் 1.10

"சல்பா பவுடரைக் காயத்தில் தூவியதால்தான் ஆறியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. போரின் தொடக்கத்தில் இந்தக் கிருமிகொல்லி மருந்தை எல்லாரும் தூவினார்கள். வெட்டி எடுக்காத காயத்தில் பவுடர் கட்டியாகி அதுவே ஓர் அந்நியப் பொருளாக உட்கார்ந்தது. போர் முடிவதற்குள்ளேயே பல ராணுவ அறுவைச் சிகிச்சையாளர்கள் அதைக் கைவிட்டார்கள்.

வாய்வழி சல்பா வேறு கதை. 1938-இல் வந்த எம்.பி. 693 நிமோனியாவில் உண்மையாகவே உயிர் காத்தது. முதலில் 2 கிராம், அதாவது 4 மாத்திரை. பிறகு 4 மணிக்கு ஒருமுறை 1 கிராம். தண்ணீர் நிறைய, கூடவே சோடா உப்பு. தண்ணீர் குறைந்தால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகி, சிறுநீர் சிவந்து, பிறகு நின்றே போகும். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்க மறுக்கும் காய்ச்சல்காரருக்கு இதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. சிறுநீர் அளவைக் குறித்துவைக்கச் சொல்லும் பழக்கம் ராணுவ வார்டிலிருந்து வந்தது.

ஜூன் 5, இரவு 10.20

சிரிஞ்சு. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஊர் வைத்தியத்தில் அதிகம் பேரைக் காத்ததும் அதிகம் பேரைக் கெடுத்ததும் இந்தக் கண்ணாடிக் குழாய்தான்.

ஒவ்வொரு குழாய்க்கும் அதன் உலக்கைக்கும் ஒரே எண் பொறித்திருக்கும். மாற்றிப் போட்டால் கசியும் அல்லது சிக்கும். கழற்றி, தனித்தனியாகக் காஸில் சுற்றி, குளிர்ந்த தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பை ஏற்ற வேண்டும். கொதிநீரில் போட்டால் விரிந்து உடையும். கொதி வந்தபின் 20 நிமிஷம். நடுவில் இன்னொரு சிரிஞ்சைப் போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்து உலக்கை இறுகும். மழைத்தண்ணீரைச் சேமித்து வைத்திருந்தவர்கள் அதற்காகத்தான் வைத்திருந்தார்கள். ஊசியின் துளைக்குள் மெல்லிய கம்பி போட்டுவைக்க வேண்டும், இல்லையேல் துருப்பிடித்து அடைக்கும். நுனி மழுங்கினால் எண்ணெய்க்கல்லில் தீட்டுவது. தீட்டியபின் பஞ்சில் இழுத்துப் பார்த்தால் கொக்கி இருந்தால் பஞ்சு ஒட்டும்.

பெரிய தவறு இதுதான்: ஒரே சிரிஞ்சில் மருந்தை ஏற்றி, ஊசியை மட்டும் மாற்றி, வரிசையாக ஆட்களுக்குப் போடுவது. ஊசியைக் கழற்றும்போதே அதன் உள்ளிருக்கும் துளி குழாய்க்குள் உறிஞ்சப்படுகிறது. சண்டைக்கால மேகநோய் கிளினிக்குகளில் ஊசி போட்டுக்கொண்ட சிப்பாய்களுக்கு மாதங்கள் கழித்து மஞ்சள் காமாலை வந்தது இப்படித்தான். 1942-இல் மனித ரத்தநீர் கலந்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியால் அமெரிக்கப் படையில் சுமார் 50,000 பேருக்குக் காமாலை வந்ததும் ரத்தம் வழியாகத்தான். போர் முடியும் தறுவாயில் "ஆளுக்கு ஒரு கொதித்த சிரிஞ்சு" என்ற விதி ராணுவ மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஸ்பிரிட்டில் முக்கி எடுப்பது போதாது. இதை ஊருக்குக் கொண்டுவந்து, ஒரு டஜன் சிரிஞ்சு வாங்கிவைத்து, காலை 5 மணிக்கே அடுப்பேற்றிய டாக்டர்தான் என் கணக்கில் உண்மையான மிலிட்டரி டாக்டர். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. அந்த ஊரில் ஈரல் கெட்டுச் செத்தவர்கள் குறைவாக இருந்திருப்பார்கள்.

ஜூன் 6, காலை 8.00

ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். சிப்பாய்க்குத் தடுப்பூசி முன்பே போட்டிருக்கும். ஊர்க்காரருக்கு எதுவும் இல்லை. அதனால் குதிரை ரத்தநீரில் செய்த ஏ.டி.எஸ். 1,500 யூனிட் ஒவ்வொரு மண் காயத்துக்கும் போட வேண்டிய நிலை. முதலில் தோலுக்கு அடியில் ஒரு சொட்டளவு, அரைமணி நேரம் காத்திருப்பு, பக்கத்தில் 1:1000 அட்ரினலின் ஏற்றிய சிரிஞ்சு. அந்த அரைமணியைப் பொறுக்காமல் போட்டுவிட்டு அனுப்பியதில் வழியிலேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. முன்பு ஒருமுறை குதிரை மருந்து போட்டதுண்டா என்று கேட்பது சோதனைத் துளியைவிட முக்கியம். இரண்டாம் முறைதான் அதிகம் கெடுக்கும்.

பச்சைக்குழந்தை ஜன்னி இதைவிடக் கொடியது. தொப்புள்கொடியை அரிவாளால் அறுத்து, சாம்பலோ சாணமோ வைத்தால், ஒரு வாரத்தில் குழந்தை முலையைப் பிடிக்க முடியாமல் வாய் இறுகும். அந்த நிலையில் சின்ன ஊரில் செய்யக்கூடியது மிகக் குறைவு: இருட்டறை, சத்தமில்லாமை, மூக்கு வழியே மெல்லிய குழாயில் பால், தூங்கவைக்கப் பாரல்டிஹைடு. பிழைத்தவை கொஞ்சம். கர்ப்பிணிக்கே தடுப்பூசி போடும் வழக்கம் பரவியபின்தான் இது ஒடுங்கியது. 2015-இல் இந்தியா பச்சைக்குழந்தை ஜன்னியை ஒழித்ததாக உறுதிசெய்யப்பட்டது. அந்த இருட்டறைகளை நினைத்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

ஜூன் 8, இரவு 9.15

மார்பியா என்ற வலிமருந்தில் என்ன ஆபத்து என்ற கேள்விக்கு. பனையிலிருந்து விழுந்து தொடை முறிந்தவர். உடம்பு சில்லிட்டு, நாடி நூலாக ஓடுகிறது, கதறுகிறார். தோலுக்கடியில் கால் கிரெயின், அதாவது 15 மில்லிகிராம் போடுகிறீர்கள். வலி குறையவில்லை. அரைமணியில் இன்னொன்று. அதுவும் கேட்கவில்லை. பிறகு கம்பளி போர்த்தி, ரத்த நரம்பில் உப்புநீர் ஏற்றி, உடம்பு சூடாகிறது. அதுவரை தோலடியில் ரத்த ஓட்டமே இல்லாததால் தேங்கிக் கிடந்த இரண்டு ஊசி மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் சேர, மூச்சு நின்றுவிடும். சண்டையில் பல பேரை இழந்து கற்ற பாடம் இது. சில்லிட்ட ஆளுக்கு மார்பியா நரம்பில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. போட்டதும் நெற்றியில் ஒரு குறி, அளவும் நேரமும் சீட்டில்.

தொடை முறிவுக்குத் தாமஸ் பத்தை. முதல் உலகப்போரில் பரவலானது. 1917 அராஸ் சண்டையில் இதைப் போட்டு அனுப்பியவர்களில் இறந்தவர்கள் சுமார் 16 சதவீதம், அதற்கு முன் நிலைமை இதைவிட எவ்வளவோ மோசம். கவட்டையில் தொடையின் சுற்றளவை எடுத்து அதோடு 2 அங்குலம் சேர்த்து வளையம். நீளம் குதிகாலைத் தாண்டி 6 முதல் 8 அங்குலம். கொல்லரிடம் கம்பியும் சக்கிலியரிடம் தோலும் கொடுத்தால் ஊரிலேயே செய்யலாம். கெடுவது இரண்டு இடத்தில்: வளையம் அழுத்திக் கவட்டையில் புண், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் நரம்பு அழுந்திப் பாதம் தொங்கிப்போவது. தினமும் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்தால் இரண்டாவது தப்பும்.

ஏற்கெனவே மூங்கில் பத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருபவருக்கு: விரல் நீலம், மரத்துப்போதல், விரலை நீட்டினால் உயிர்போகும் வலி. இதில் எது இருந்தாலும் கட்டை அந்த நிமிஷமே அவிழ்க்க வேண்டும். கட்டியவரைத் திட்டுவதில் பயன் இல்லை. அடுத்த ஆளும் அவரிடம்தான் போவார். விரல் நுனி தெரியக் கட்டச் சொல்லிக்கொடுத்தால் பல கைகள் தப்பும்.

ஜூன் 9, காலை 5.45

இப்போது சண்டை சொல்லிக்கொடுக்காதது. என் எண்ணத்தில் இந்த இழையின் நடு விஷயம் இதுதான்.

முன்வரிசை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் 18-இலிருந்து 40 வயதுக்குள் ஆண்கள். கர்ப்பிணி இல்லை, குழந்தை இல்லை, கிழவர் இல்லை. ஊர் திரும்பிய டாக்டரின் வாசலில் நடுராத்திரி நிற்கும் மாட்டு வண்டியில் இருந்ததோ இரண்டாம் நாளாக வலியெடுத்தும் பிள்ளை வராத பெண். பர்மாவில் நாலு வருஷம் இருந்தவருக்கு அந்த நாலு வருஷமும் கை மறந்துபோன வேலை இது.

எங்கே கெடும் என்றால், குறுக்காகக் கிடக்கும் குழந்தையின் கை முதலில் வெளியே வந்திருக்கும். வீட்டில் யாராவது அதை இழுத்திருப்பார்கள். இழுக்க இழுக்கத் தோள் இடுப்புக்குள் ஆப்பாக இறுகும். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி காகிதமாக மெலிந்து கிழியும். வலி திடீரென நின்று, அந்தப் பெண் வெளுத்துப்போனால் கிழிந்துவிட்டது என்று பொருள். அவசரப்பட்ட டாக்டர் "வலி போதவில்லை" என்று பிள்ளை வருமுன், கர்ப்பப்பையை இறுக்கும் எர்கட் கொடுத்தால் அதே கதிதான். எர்கட்டின் சாரமான எர்கோமெட்ரின் 0.5 மில்லிகிராம், பிள்ளை பிறந்தபின் மட்டும், வயிற்றில் இன்னொன்று இல்லை என்று கைவைத்துப் பார்த்தபின்.

பிறந்தபின் ரத்தப்போக்கு. முதலில் சிறுநீர்ப்பையைக் குழாய் போட்டுக் காலிசெய்ய வேண்டும், நிறைந்த பை கர்ப்பப்பையைச் சுருங்க விடாது. வயிற்றின் மேலிருந்து தேய்த்துக் கெட்டியாக்குவது. நஞ்சுக்கொடியைத் தட்டில் பரப்பி, பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, எங்காவது பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பது. துண்டு உள்ளே நின்றிருந்தால் எந்த மருந்தும் கேட்காது. எல்லாம் தோற்றால் ஒரு கை உள்ளே முஷ்டியாக, மறு கை வயிற்றின் மேல், நடுவில் கர்ப்பப்பையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. கை மரத்தாலும் விடக்கூடாது.

இந்த அறிவு ஊரில் ஏற்கெனவே ஒருவரிடம் கொஞ்சம் இருந்தது: மருத்துவச்சி. அவரை விரட்டிய டாக்டருக்குக் கேஸ் கடைசி நேரத்தில் வந்தது. அவருக்குக் கொதித்த பிளேடும் நூலும் கட்டிக் கொடுத்து, "கை முதலில் வந்தால், ஒரு பகல் தாண்டினால், ரத்தம் இரண்டு சேலை நனைத்தால் என்னைக் கூப்பிடு" என்று மூன்று விதி சொன்ன டாக்டருக்கு நேரத்தோடு வந்தது. எத்தனை தாய்மார் பிழைத்தார்கள் என்பதை இந்த ஒரு உறவு தீர்மானித்தது என்று நான் நம்புகிறேன்.

ஜூன் 9, காலை 6.00

குழந்தைகள். ராணுவத்தில் எல்லா அளவும் முழு ஆள் அளவு. ஊரில் அன்றைய கணக்கு: வயதை, வயதோடு 12 சேர்த்த எண்ணால் வகுத்தால் வருவது முழு அளவில் எத்தனை பங்கோ அது. 4 வயதுக்கு 4-ஐ 16-ஆல் வகுக்க, கால் பங்கு. அபின் சேர்ந்த மருந்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. கைக்குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

ஜூன் 11, இரவு 8.40

மருந்து கலக்கும் கம்பவுண்டரைப் பற்றி ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: தண்ணி மருந்து வெறும் கலர் தண்ணீரா? பல நேரம் வயிற்றுக்கு இதமான சோடா உப்பு, ஏலக்காய் டிஞ்சர், ஓமம் அல்லது புதினாத் தண்ணீர். அந்தச் சிவப்பு ஏலக்காய் டிஞ்சரில் சேர்க்கும் கொச்சினீல் பூச்சியின் நிறம். 6 அவுன்ஸ் பாட்டில், பக்கத்தில் கத்தரியால் வெட்டு வெட்டாக நறுக்கிய காகிதப் பட்டை, ஒரு வெட்டு ஒரு வேளை. படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தப்பாது.

ஆனால் விஷயம் தெரியாத கம்பவுண்டர் கொல்லவும் முடியும். துளியளவே கொடுக்கும் விஷமான ஸ்டிரிக்னைன் திரவத்தையும் புரோமைடையும் ஒரே பாட்டிலில் கலந்தால் ஸ்டிரிக்னைன் மெதுவாக அடியில் படியும். முதல் ஐந்து வேளையில் ஒன்றும் ஆகாது. ஆறாவது வேளையில் மொத்தமும் போகும். மலேரியாவுக்கான குயினைன் மிக்சரில் குயினைனைக் கரைக்க நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டு வேண்டும். அதே பாட்டிலில் சோடா உப்பு சேர்த்தால் மறுபடி கட்டியாகும். "குலுக்கிக் குடிக்கவும்" சீட்டு ஒட்டியதெல்லாம் இதற்காகத்தான்.

ஜூன் 12, காலை 7.30

காய்ச்சல். 1942-இல் ஜாவா ஜப்பானிடம் விழுந்ததும் குயினைன் வரத்து அறுந்தது. நீலகிரியில் நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டமும் அங்கிருந்த குயினைன் தொழிற்சாலையும் திடீரென்று பெரிய பொருளானது அப்போதுதான். சிப்பாய்களுக்குக் குயினைனுக்குப் பதில் மெப்பாக்ரின் மாத்திரை, தினம் ஒன்று, 100 மில்லிகிராம். தோல் மஞ்சளாகும், ஆண்மை போய்விடும் என்று வதந்தி வேறு. ஸ்லிம் திடீர் சோதனை நடத்தி, மாத்திரை விழுங்காத படைப்பிரிவுகளின் தலைவர்களைப் பதவியிலிருந்தே நீக்கினார். மூன்று பேர் போனபின் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. கூடவே, நோயாளியை இந்தியாவுக்கு அனுப்பி மாதக்கணக்கில் இழப்பதற்குப் பதில், சண்டைக்குச் சில மைல் பின்னாலேயே கூடாரத்தில் வைத்துக் குணமாக்கித் திருப்பி அனுப்பினார்கள்.

ஊர் டாக்டர் இதில் எடுத்துக்கொண்டது: மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பாமல் எதிரிலேயே விழுங்கவைப்பது. குளிர் விட்டதும் மூன்றாம் நாள் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் காய்ச்சல் திரும்பும்.

இன்னொன்று, அதைவிட நுட்பமானது. பர்மாவில் பூச்சி கடித்து வரும் டைபஸ் பார்த்தவர், பத்து நாள் காய்ச்சலில் படுத்தவரின் அக்குள், கவட்டை, மார்புக்கு அடி, இடுப்புக்கயிறு கட்டும் இடம் எல்லாவற்றையும் விளக்கு வைத்துத் தேடுவார். வலி இல்லாத, நடுவில் கறுத்து, சிகரெட் சுட்டது போன்ற ஒரு புண். இருந்தால் டைஃபாயிடு இல்லை. 1948-இல் மலாயாவில் குளோராம்பெனிகால் இதற்குக் கேட்கும் என்று தெரியும்வரை கையில் மருந்தும் இல்லை. இன்று டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இருவேளை கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். புண்ணைத் தேடும் பழக்கம்தான் அரிதாகிவிட்டது. தமிழ்நாட்டில் இந்த நோய் இப்போதும் இருக்கிறது, தேடுங்கள்.

ஜூன் 15, இரவு 10.05

வாந்திபேதிக்கு உப்புநீர் ஏற்றியதில் குளிர்நடுக்கம் ஏன் வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பதில் யாரும் தவறவில்லை. தண்ணீரில் தவறினார்கள். காலையில் காய்ச்சி வடித்த தண்ணீரை மறுநாள் வரை வைத்துப் பிறகு கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; கிருமி விட்ட பொருள் சாகாது. அது நரம்பில் ஏறியதும் அரைமணியில் உடம்பு தூக்கிப்போடும். வடித்த சில மணி நேரத்துக்குள் கலந்து கொதிக்கவைத்துவிட வேண்டும். புது ரப்பர்க் குழாயைச் சோடாவில் வேகவைத்து அலசாமல் போட்டாலும் இதே நடுக்கம்.

நரம்பே தெரியாத அளவுக்கு வற்றியவருக்குக் கணுக்காலின் உள்மூட்டுக்குச் சற்று முன்னால், மேலே ஒரு சின்னக் குறுக்குவெட்டு. அங்கே ஓடும் நரம்பு எல்லாருக்கும் அதே இடத்தில் இருக்கும். சண்டையில் ரத்தநீர் ஏற்றியவர்களுக்கு இந்த இடம் கண்ணை மூடினாலும் கிடைக்கும்.

இதையெல்லாம் பெரும்பாலும் தேவையற்றதாக்கியது இன்னொரு போர். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில், மேற்கு வங்கத்தின் பொங்காவ்னில், உப்புநீர் பாட்டில் தீர்ந்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் கட்டி, உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைத்தார். முகாமில் சாவு சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

ஜூன் 16, காலை 6.10

சின்னக் குறிப்பு. மயக்கத்துக்கு ஈதர் கொடுக்கும் அறையில் பெட்ரோமாக்ஸ் வைத்தார்களா? வைத்து எரிந்ததும் உண்டு. ஈதர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஓடும். விளக்கை ஜன்னலுக்கு வெளியே உயரத்தில் தொங்கவிட்டு, கண்ணாடி வழியே வெளிச்சம் எடுப்பதுதான் முறை. குளோரோஃபாரம் எரியாது என்று விளக்கைப் பக்கத்தில் வைத்தால் அது சுடரில் சிதைந்து பாஸ்ஜீன் ஆகும். அது முதல் உலகப்போரின் விஷவாயு.

ஜூன் 20, இரவு 9.30

"அடுத்த தலைமுறை?" 1962 சீனப் போருக்குப் பிறகு குறுகிய காலப் பணியில் ராணுவம் போய்வந்த எம்.பி.பி.எஸ்.கள். இவர்கள் ஊர் திரும்பியபோது எதிரே நின்றது பூச்சிமருந்து. ஃபாலிடால் குடித்துவிட்டு, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் நுரை தள்ளி வருபவர். ஃபாலிடாலின் உள்ளிருக்கும் பாரத்தியான், நரம்புவாயு டாபூனைக் கண்டுபிடித்த அதே ஜெர்மன் வேதியியலாளர் ஷ்ராடரின் கண்டுபிடிப்பு. விஷவாயு பாடம் படித்த டாக்டருக்கு இந்த முகம் உடனே அடையாளம் தெரியும்.

துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு முடி உட்படக் கழுவுவது. கழுவுபவர் கையையும் காக்க வேண்டும். மாற்றுமருந்தான அட்ரோபின் 2 மில்லிகிராம் நரம்பில், 5 முதல் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை, நெஞ்சில் களகளப்பு நிற்கும்வரை. கண்மணி விரிந்ததை மட்டும் பார்த்து நிறுத்துவதுதான் பெரிய தவறு. பார்க்க வேண்டியது நெஞ்சும் நாடியும். ஆம்பூல் ஒன்றில் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும்; ஒரே ஆளுக்கு ஊரின் மருந்துக்கடை இருப்பு மொத்தமும் போய்விடும். அதனால் நடவு, மருந்தடிப்புக் காலத்துக்கு முன்பே பெட்டிக்கணக்கில் வாங்கிவைக்க வேண்டும்.

பிழைத்துவிட்டார் என்று எல்லாரும் நிம்மதியானபின், இரண்டாம் மூன்றாம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும். இதை 1987-இல் இலங்கையின் பேராதனையிலிருந்து சேனாநாயக்கவும் கரலியத்தவும் தனி நிலையாக விவரித்தார்கள். கழுத்து தளர்ந்த சில மணி நேரத்தில் மூச்சுத் தசையும் தளரும். தினம் இருமுறை தலையைத் தூக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் செயற்கைச் சுவாசம் உள்ள இடத்துக்கு அப்போதே வண்டி ஏற்றுங்கள், மூச்சு திணறட்டும் என்று காத்திராதீர்கள்.

ஜூன் 23, காலை 7.00

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "அப்படியானால் சண்டை கொடுத்ததில் ஊருக்கு அதிகம் உதவியது எது?" என் பதில், மேலே அனுப்பும் சீட்டு.

ராணுவத்தில் காயம்பட்டவருக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருந்தது: முன்வரிசை உதவி நிலையம், கள ஆம்புலன்ஸ், அதற்குப் பின் அறுவைச் சிகிச்சை நிலையம், கடைசியில் தள ஆஸ்பத்திரி. சின்ன ஊர் டாக்டருக்குப் பின்னால் இருந்தது காலையில் போகும் ஒரு பஸ். ஆனாலும் தன் கையில் முடியாததை முதல் மணி நேரத்தில் முடிவுசெய்து அனுப்புவதும், அனுப்பும்போது என்ன செய்தோம் என்று எழுதுவதும் அந்தச் சங்கிலியில் பழகியவருக்குத்தான் வந்தது.

சீட்டில் இருக்க வேண்டியவை: ரத்தம் நிற்பதற்காகக் கட்டை இறுக்கிய நேரம், மார்பியா எவ்வளவு எப்போது, ஏ.டி.எஸ். சோதனைத் துளிக்கு என்ன ஆனது, எர்கோமெட்ரின் போட்டதா, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. சாப்பிட்டது ஏன் என்றால் அங்கே மயக்கமருந்து கொடுப்பவருக்கு அதுதான் முதல் கேள்வி. பென்சிலில் எழுத வேண்டும், வியர்வையில் மை கரையும். உறவினர் கையில் கொடுக்கக்கூடாது. பஸ் மாறும்போது அவர் பீடி வாங்கப் போயிருப்பார், நோயாளி வேறு வண்டியில் ஏறியிருப்பார். சட்டையிலோ சேலை முந்தானையிலோ ஊக்கு குத்தி அனுப்ப வேண்டும். கட்டை இறுக்கியிருந்தால் அந்த நேரத்தை மட்டும் நெற்றியிலும் எழுத வேண்டும்.